ஆலிவ் சக்கையும் செங்குன்றத்துத் தவிடும்

சக்கையில் தங்கும் காப்பு

ஆலிவ் பழத்தை ஆட்டி எண்ணெய் எடுக்கும்போது, அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் காப்புப் பொருள்கள் எண்ணெயைவிட நீரிலேயே எளிதில் கரைவதால், அவற்றின் பெரும்பகுதி கழிவுநீரிலும் சக்கையிலும் தங்கிவிடுகிறது. அவற்றுள் முதன்மையானது ஹைட்ராக்சிடைரோசால். உயிரணுக்கள் ஆற்றல் பெறும்போது இயல்பாகவும், புகையும் உலோகத் தூசியும் உடலில் புகும்போது மிகுதியாகவும், நிலையற்ற மூலக்கூறுகள் தோன்றி உயிரணுச் சவ்வின் கொழுப்பைத் தாக்குகின்றன. இவை உடலின் தற்காப்பை மீறிப் பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆய்வுக்கூடத்தில் மனிதச் சிவப்பணுக்களையும் குடல் உயிரணுக்களையும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு உட்படுத்தியபோது, ஹைட்ராக்சிடைரோசால் பெற்றவை குறைந்த சிதைவுடன் தப்பின. 20 கிராம் எண்ணெயில் இப்பொருளும் இதன் வழிப்பொருள்களும் 5 மில்லிகிராமேனும் இருந்தால், இரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் எனக் குறிப்பிட ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இசைவளித்தது.

திருவள்ளூரின் துணைப்பொருள்

ஆலிவ் விளையாத திருவள்ளூர் மாவட்டத்தில் அதன் சக்கைக்கு நிகராகச் சொல்லத்தக்கது தவிடு. செங்குன்றத்து ஆலைகளில் அரிசியைத் தீட்டும்போது உதிரும் இத்தவிட்டில், லிப்பேஸ் என்னும் நொதி உடனே கொழுப்பைப் பிளக்கத் தொடங்கிவிடுகிறது. விரைவில் சூடேற்றி நிலைப்படுத்தாவிட்டால் அது காறிப்போய், மாட்டுத் தீவனத்துக்கே பயன்படும். தவிட்டெண்ணெயின் காப்புப் பொருளான ஒரைசனால், ஃபெருலிக் அமிலம் தாவர ஸ்டெரால்களோடு இணைந்த சேர்மங்களின் தொகுதியாகும். காரம் சேர்த்துச் சுத்திகரிக்கையில் அதில் 93 முதல் 94.6 விழுக்காடு வரை நீங்கிவிடுவதை, மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எண்ணெயைத் தெளிவாக்கும் முயற்சியில், அதன் சிறப்பே சவுக்காரக் கசடோடு வெளியேறுகிறது என்பது வருந்தத்தக்கது. நீராவியால் சுத்திகரிக்கும் முறையில் இவ்விழப்பு மிகக் குறைவு என்பதால், வாங்குவோர் உறையில் ஒரைசனால் அளவைப் பார்த்து வாங்குவது நல்லது.

கும்மிடிப்பூண்டித் தொழிலாளருக்கு

இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைகளில் எழும் ஈயத்தூசி, உயிரணுவின் தற்காப்புப் பொருளான குளுட்டதயோனைப் பிணைத்து முடக்குகிறது. ஆயினும், ஆய்வுத்தட்டில் உயிரணு பெறும் காப்புப்பொருளின் செறிவு, உணவின் வழியே இரத்தத்தை எட்டும் செறிவைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், எந்த எண்ணெயையும் ஈயத்துக்கு மாற்று மருந்தாகக் கருதுவது ஆபத்தானது. தூசியை உறிஞ்சும் பொறி, முறையான முகக்கவசம், காலமுறை இரத்த ஈயப் பரிசோதனை ஆகியவற்றைத் தொழிலாளர் கேட்டுப் பெற வேண்டும். வெறும் வயிற்றிலும் இரும்புச்சத்துக் குறைந்த உடலிலும் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படுவதால், வேலைக்குப் புறப்படுமுன் உண்பதும், உணவில் கீரையும் பயறும் சேர்ப்பதும் பயன்தரும். பணியுடையை வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் பட்டறையிலேயே மாற்றிக்கொண்டால், பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சும் குழந்தைகளிடம் அத்தூசி சேராது.