திறந்த கார், காட்டு ஜீப்: தலைநகரில் இரண்டுக்கும் ஒரே விதி!

புது தில்லி: விலையிலும் வசதியிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு பழைய வாகனங்களை, தலைநகரின் மாசுக் கட்டுப்பாட்டு விதி ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. ஒன்று, ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. சொகுசு கார். மற்றொன்று, மாருதியின் குர்காவ்ன் ஆலையில் உருவான ஜிப்ஸி.

இரண்டிலுமே கூரையைத் திறந்துகொண்டு செல்லலாம். 2004-ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை எஸ்.எல்.கே.யில் பொத்தானை அழுத்தினால், உலோகக் கூரை 22 விநாடிகளில் மடிந்து பின்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஜிப்ஸியின் கேன்வாஸ் கூரையைக் கையால்தான் கழற்ற வேண்டும்.

எஸ்.எல்.கே.யில் இருவர் மட்டுமே அமரலாம். தாழ்வான அந்தக் கார் நல்ல சாலையையே நாடும். கூரையை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானால் செலவு கையைக் கடிக்கும். 1985-ல் அறிமுகமான ஜிப்ஸியில் லீஃப் ஸ்பிரிங்குகளும் நான்கு சக்கர இயக்கமும் உண்டு. பயணம் உடம்பைக் குலுக்கும்; ஆனால் சாதாரணப் பட்டறையிலேயே பழுது நீக்கிவிடலாம். ராணுவம் பல ஆண்டுகள் அதை விரும்பியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

வயதே அளவுகோல்: தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல் பிறப்பித்த உத்தரவுகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்படி தில்லி வட்டாரத்தில் டீசல் வாகனங்களுக்கு 10 ஆண்டுகள், பெட்ரோல் வாகனங்களுக்கு 15 ஆண்டுகளே ஆயுள். ஞாயிறுதோறும் மட்டும் வெளியே வரும் எஸ்.எல்.கே.யும், நாள்தோறும் ஓடும் ஜிப்ஸியும் பெட்ரோல் வண்டிகளே என்பதால் இரண்டுக்கும் ஒரே கெடு.

2025 ஜூலையில் இத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் திட்டம் தொடங்கிய சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உரிமையாளர்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்த உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அதை பாரத் 4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ள வாகனங்களுக்கு மட்டும் என வரையறுத்தது. தில்லியில் பாரத் 4 கட்டாயமானது 2010 ஏப்ரலில்.

2021 மார்ச்சில் மக்களவையில் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்த பழைய வாகனக் கழிப்புக் கொள்கையோ, தனியார் வாகனங்களைத் தகுதிச் சோதனையின் அடிப்படையில் மதிப்பிடுகிறது. நன்கு பராமரித்தவரின் ஆதங்கம் இங்குதான் எழுகிறது. ஆனால், பழைய தரத்தில் உருவான என்ஜின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் புதிய தரத்துக்கு மாறிவிடாது என்பதும், குளிர்காலத்தில் தில்லிவாசிகள் சுவாசிப்பது அந்தப் புகையும் கலந்த காற்றைத்தான் என்பதும் மறுக்க முடியாதவை.

வெளியேறும் வழி: தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்யலாம். இரு வாகனங்களும் பிரிவது இங்கேதான். 2022 முதல், 15 ஆண்டுகள் கடந்த காருக்கான புதுப்பித்தல் கட்டணம் ரூ.5,000, இறக்குமதி காருக்கு ரூ.40,000. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இவை முறையே ரூ.10,000, ரூ.80,000 ஆக உயர்த்தப்பட்டன.

ஜிப்ஸிக்கு மலைப்பாதைகளும், கார்பெட், ரந்தம்பூர் போன்ற வனங்களின் சுற்றுலாத் தடங்களும் காத்திருக்கின்றன. எஸ்.எல்.கே.க்கு அந்த வாய்ப்பு இல்லை. 2021-ம் ஆண்டு விதிகளின்படி பாரம்பரிய வாகனம் என்ற தகுதி பெற 50 ஆண்டுகள் நிறைவடைய வேண்டும். 2004-ம் ஆண்டு வண்டி அதற்கு 2054 வரை பொறுத்திருக்க வேண்டும்.