ஊருக்கு ஒரு டிரங்க் கால்

ஹைதராபாத்தில் பிழைக்க வந்த தமிழர், ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால், அந்நாளில் ஓடிய இடம் தபால் தந்தி ஆபீஸ். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஹைதராபாத் ஆபரேட்டர் சென்னை ஆபரேட்டரைக் கூப்பிட, அவர் அடுத்த ஊரைக் கூப்பிட, இப்படிக் கைமாறித்தான் குரல் போய்ச் சேரும். 'அர்ஜண்ட்' என்றால் இரட்டைக் கட்டணம். 'லைட்னிங்' என்றால் எட்டு மடங்கு! குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுமா?

இந்தியாவில் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி திறந்தது. கல்கத்தாவில் அப்போது சந்தாதாரர்கள் 93 பேர்தான். நிஜாம் சமஸ்தானத்தின் தபால், தொலைபேசி முதலியவை 1950-ல் மத்திய சர்க்காரிடம் வந்தன.

அமெரிக்காவில் முதலில் பையன்களைத்தான் போர்டில் உட்கார வைத்தார்கள். அவர்கள் வாய்த்துடுக்கு தாங்காமல் 1878-ல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை நியமித்தார்கள். பெண்களுக்கு ஒரு புதிய உத்தியோகம் பிறந்தது. பணி எளிதல்ல. காதில் ஹெட்போன், கையில் கயிறும் பிளக்கும், எதிரே நூற்றுக்கணக்கான துளைகள். சந்தாதாரரின் கோபமும் அவர்கள் தலையில்தான்.

ஆபரேட்டரே வேண்டாம் என்று தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முறையைக் கண்டுபிடித்தவர் ஸ்ட்ரோஜர். சவ அடக்கத் தொழில் செய்தவர். தமக்கு வரும் கால்களை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்புவதாகச் சந்தேகப்பட்டார் என்பார்கள். சிம்லாவில் 1913-14-ல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி., 1960-ல் கான்பூர்-லக்னோ இடையே தொடங்கியது. அது பரவப் பரவ, டிரங்க் போர்டு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.