பழைய டர்போ வண்டி: வாங்குவோர் அறிய வேண்டியவை

'டர்போ' என்பது இலத்தீன் மொழிச் சொல். பம்பரத்தையும் சுழற்காற்றையும் அது குறிக்கும். நீராலோ நீராவியாலோ சுழலும் பொறிக்கு 'டர்பைன்' என்னும் பெயர் அமைந்ததும் அச்சொல்லின் அடியாகவே. தமிழ்க் கலைச்சொல்லாளர் அதனைச் 'சுழலி' என்பர். எனினும் ஈப்போவின் பட்டறைகளில் தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகிய அனைவர் வாயிலும் வழங்குவது 'டர்போ' என்னும் சொல்லே. ஆதலின் ஈண்டும் அதுவே ஆளப்படுகிறது.

பேரா மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; சில வீடமைப்பு நிலங்களாயின. அங்கிருந்து சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் முதலிய ஊர்களில் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கைத்தொழில் கற்றுச் சம்பளம் பெறுகின்றனர். அவருள் சிலருக்கு 1990களில் வெளிவந்த விரைவு வண்டிகளின்மேல் தீராத ஆசை. பல்லாண்டுச் சேமிப்பை ஒரே நாளில் ஒரு வண்டியில் இட்டுவிட்டு, ஆறே மாதத்தில் எஞ்சின் உடைந்து நிற்போரும் உண்டு. அதனினும் பெரிய இழப்பை அடைந்த வீடுகளும் உண்டு. வண்டி வாங்குமுன் தம் பழைய ஆசிரியரிடம் ஒரு சொல் கேட்கும் இளைஞன் இன்னும் இருக்கின்றான். அவனுக்குச் சொல்லத்தக்கவை இவை.

டர்போ செய்யும் வேலை யாது?

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே எஞ்சினின் வலிமை, அது எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண எஞ்சின் தானே மூச்சு வாங்குவது; டர்போ எஞ்சினோ காற்றை ஊட்டப் பெறுவது.

எரிந்த புகை வெளியேறும்போது எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு வீணே போகிறது. அப்புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். வீணாகும் புகையையே வேலை வாங்கும் இவ்வுத்தி சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி என்பவருடையது. அவர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அது பயன் தந்தது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில், செவர்லே கார்களில் ஏறியது. 1970களில் பி.எம்.டபிள்யூ., போர்ஷே, சாப் ஆகிய ஐரோப்பிய நிறுவனங்கள் அதனைப் பரப்பின. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஆகிய இரண்டும் 1992இல் தோன்றின.

மலேசியாவில் இவ்வாசை வேரூன்றக் காரணங்கள் உண்டு. 1993இல் வந்த புரோட்டோன் வீரா, லான்சரின் உடலமைப்பைத் தழுவியது. முதல் மூன்று எவலூஷன் வண்டிகளும் அதே உடலமைப்பின. ஆகவே அவற்றின் எஞ்சினையும் உறுப்புகளையும் வீராவில் பொருத்துவது பட்டறைகளுக்கு அரிய செயலாக இல்லை. 2002இல் கரம்ஜித் சிங் என்னும் மலேசியர், எவலூஷனையே அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட் வண்டியை ஓட்டி, உற்பத்தி வண்டிகளுக்கான உலக ரேலி வாகையைச் சூடினார். மேலும், நம் நாட்டில் பெட்ரோல் வண்டியின் சாலை வரி எஞ்சினின் கன அளவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. 1997 சி.சி. கொண்ட டர்போ எஞ்சின் 250 குதிரைத்திறனைத் தந்தாலும் சாதாரண இரண்டு லிட்டர் வண்டியின் வரியே அதற்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அன்று. 'கிராண்ட்' எனப்படும் பதிவுச் சான்றை. அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஜப்பானில் கழித்த காரைக் குறுக்கே அறுத்து இறக்கும் 'ஆஃப்கட்' எஞ்சின்கள் பேராவிலும் தாராளமாகக் கிடைக்கும். எஞ்சினை மாற்றுவது குற்றமன்று. பரிசோதனைக்குக் காட்டிச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெறாமல் மாற்றுவதே குற்றம். அத்தகைய வண்டி பறிமுதலாகலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

அடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் காலை மீண்டும் வருவதே அறிவுடைமை. புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். நீலப் புகை, எண்ணெய் எரிகிறது என்பதற்கு அடையாளம்; டர்போவின் தண்டு தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் வளையங்களும் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, குளிர்நீர் எஞ்சினுள் கசிவதைக் காட்டும். கரும்புகை, பெட்ரோல் மிகுதியாகச் செல்வதன் குறி.

வாங்கியவுடன் செய்ய வேண்டியவை

யானை வாங்குவது எளிது, தீனி போடுவது அரிது என்பர். வண்டியின் விலைக்குக் கையிருப்பு முழுவதையும் கொடுத்துவிடுவதே புதியவர் செய்யும் முதற்பிழை. பழுதுபார்க்க ஒரு தொகையை ஒதுக்கிய பின்னரே விலை பேச வேண்டும். வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தது அரசர்க்கு மட்டும் அன்று.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையெனில், மாற்றப்படவே இல்லை என்று கொள்க. எவலூஷனின் 4ஜி63 எஞ்சினில் அதிர்வைத் தணிக்கும் தண்டுகளுக்கென இன்னொரு சிறு பெல்ட்டும் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் பிஸ்டனோடு மோதி எஞ்சின் அழியும். ஆகவே இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும்.

அடுத்தவை குழாய்கள். ரப்பரை அறிந்த தோட்ட மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் நெகிழ்வில் இணையற்றது. ஆனால் பெட்ரோலும் கனிம எண்ணெயும் பட்டால் ஊதி வலுவிழக்கும், மிகு வெப்பத்தில் கெடும். அதனால்தான் எண்ணெய்க் குழாய்களுக்கு நைட்ரில் போன்ற செயற்கை ரப்பரையும், சூடான அழுத்தக் காற்று செல்லும் குழாய்களுக்குச் சிலிக்கோனையும் பயன்படுத்துகின்றனர். அவையும் முப்பது ஆண்டு வெப்பத்தில் இறுகி வெடிக்கும். ஒரு சிறு வெற்றிடக் குழாயின் வெடிப்பு, டர்போவின் அழுத்தக் கட்டுப்பாட்டையே குலைத்துவிடும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பூ வரிகள் தேயாதிருந்தாலும் வயது முதிர்ந்த டயரை நம்பலாகாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கோ தாப்பாவுக்கோ இறங்கும்போது பிரேக் சூடேறினால் அவ்வீரம் ஆவியாகும். மிதித்த பெடல் வெறுமனே தாழும். இரண்டாண்டுக்கு ஒரு முறை அவ்வெண்ணெயை மாற்றினால் இவ்விடர் இல்லை.

ஓட்டும் முறை

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு நூறாயிரம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதன் வெப்பப் பக்கம் 800 பாகை செல்சியசையும் கடக்கும். அத்தண்டைக் காப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கையில் விரைந்து ஓட்டினால் தண்டு தேயும். நீரின் வெப்பமானி உயர்ந்துவிட்டாலும் எண்ணெய் சூடேறச் சற்றே கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே முதற் சில கிலோமீட்டர்களை மெல்லக் கடப்பது நன்று. விரைந்து ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால், தேங்கிய எண்ணெய் டர்போவினுள் கருகிக் கரியாகி வழியை அடைக்கும். வீடு சேருமுன் இறுதி ஓரிரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, நின்ற பின் ஒரு நிமிடம் இயங்கவிட்டு நிறுத்துவதே முறை. எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுதல் சிக்கனமே; டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் எண்ணெயின் விலை சிறிது.

இவ்வண்டிகள் ஜப்பானின் உயர்தரப் பெட்ரோலுக்கென வகுக்கப்பட்டவை. மலேசியாவில் ஆக்டேன் 97க்குக் குறைந்ததை ஊற்றலாகாது. தரம் குறைந்தால் பெட்ரோல் உரிய நொடிக்கு முன்னரே வெடித்து, பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தாக்கும். இந்நிலையில் நண்பர் சொல் கேட்டு டர்போவின் அழுத்தத்தையும் ஏற்றிவிட்டால் பிஸ்டன் உருகுவது திண்ணம். ஏற்றுவது ஒரு திருகாணியைத் திருப்பும் வேலை. அதன் விளைவு முழு எஞ்சினின் விலை.

இன்னொன்றும் கருதத்தக்கது. பழைய டர்போ மிதித்தவுடன் வலிமை தாராது; சற்றுத் தாழ்த்தித் திடீரெனத் தரும். மழை மிகுந்த தைப்பிங் சாலையில், வளைவின் நடுவே அவ்வலிமை வந்து சேர்ந்தால் சக்கரம் வழுக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக எல்லை 110 கிலோமீட்டர். மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைச்சரிவில் அதனினும் குறைவு. இவ்வண்டிகளில் பெரும்பாலானவை உயிர்காக்கும் காற்றுப் பைகள் பரவுமுன் செய்யப்பட்டவை என்பதை ஓட்டுநர் மறக்கலாகாது. வேகத்தைச் சோதிக்க விரும்புவோர்க்குப் பந்தயத் தடங்கள் உள. பொதுச் சாலை அதற்கு இடமன்று.

ஆசிரியர் செய்யத்தக்கது

இளைஞனின் ஆசையைப் பழிப்பதால் பயனில்லை. ஆசையைக் கல்வியாக்குவதே ஆசிரியர் தொழில். ஒரு குறிப்பேடு வாங்கி, எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய தொலைவையும் செலவான ரிங்கிட்டையும் எழுதிவரச் சொல்லலாம். ஓராண்டு அவ்வாறு எழுதுபவன் வண்டியின் இயல்பையும் தன் வரவு செலவையும் ஒருங்கே கற்றுக்கொள்வான். பள்ளியில் ஆவியும் அழுத்தமும் பற்றிப் பாடமாகப் படித்தபோது விளங்காதவை, தன் கையால் ஒரு டர்போவைக் கழற்றிப் பூட்டும்போது அவனுக்கு விளங்கும். 1922 முதல் ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர் பெற்ற தஞ்சோங் மாலிமில் இன்று புரோட்டோன் தொழிற்சாலையும் உண்டு. வண்டியை வாங்கும் கைகள் மட்டுமல்ல, வண்டியை ஆக்கும் கைகளும் நம் பள்ளிகளிலிருந்து அங்குச் செல்லுதல் வேண்டும்.