நறுக்கென்று கடிபட ஒரு கோஸ் ஸ்லா

சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கவே முடிவதில்லை. சோற்றை மட்டும் வடித்து, தயிர் ஊற்றிப் பிசைந்தால் போதும் என்று இருக்கும். அந்தத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள, அடுப்பைப் பற்றவைக்காமலே செய்யக்கூடியது கோஸ் ஸ்லா. பச்சை முட்டைக்கோஸையும் இன்னும் இரண்டு மூன்று காய்களையும் மெல்லிசாக அரிந்து, புளிப்பும் எண்ணெயும் விட்டுப் பிசறுவதுதான் அது. பொரித்த கோழிக் கடைகளில் சின்னக் கிண்ணத்தில் வைத்துத் தருகிற கோல்ஸ்லாவும் இதில் ஒரு வகை.

செய்வது சுலபம். சாப்பிட உட்காரும்வரை நறுக்கென்று வைத்திருப்பதுதான் கடினம். பன்னிரண்டு மணிக்குக் கலந்து வைத்தது, ஒரு மணிக்கு இலைக்கு வரும்போது துவண்டு போயிருக்கும். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். காய் மட்டம் என்று கடைக்காரரை நொந்து பயனில்லை. காய்க்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது, அவ்வளவே. அது ஏன் வருகிறது என்று தெரிந்தால், மீதி எல்லாம் கைக்கு அடங்கிவிடும்.

முட்டைக்கோஸின் எடையில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர்தான். வெள்ளரியில் 95, கேரட்டில் ஏறக்குறைய 88. இந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. காற்று நன்றாக அடித்த சைக்கிள் டியூப் போல ஒவ்வொரு செல்லும் புடைத்து, தன் சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு விறைப்பாக நிற்கிறது. பல் பட்டதும் அந்தச் சுவர்கள் பட்டென்று உடைகின்றன. நமக்குக் கேட்கும் சத்தம் அதுதான்.

இதன்மேல் உப்பு விழுந்தால் கதை மாறுகிறது. வெளியே உப்பின் செறிவு கூடியதும், செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் அதை நோக்கிக் கசிய ஆரம்பிக்கிறது. சர்க்கரையும் இதையே செய்யும், கொஞ்சம் மெதுவாக. தண்ணீர் போன செல் தொய்ந்துவிடும். கடித்தால் சத்தம் வராது, சவசவ என்று இருக்கும்.

நம் வீடுகளில் கோசுமல்லி செய்கிறவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு படைக்கிற கோசுமல்லியில், ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய், தேங்காய் எல்லாம் சேர்ந்து தயாராக இருக்கும். உப்பையும் எலுமிச்சையையும் மட்டும் பரிமாறுகிற நேரத்தில்தான் சேர்ப்பார்கள். ஸ்லாவுக்கும் முதல் வழி இதுவே. காயைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் வைத்திருந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு கலப்பது. பச்சைக் காயின் முழு விறைப்பும் வேண்டுமென்றால் இதைவிட்டால் வேறு வழி கிடையாது.

ஆனால் விருந்தாளி எப்போது வருவார் என்று தெரியாத நாளும் உண்டு, டிபன் பாக்ஸில் கட்டிக்கொடுக்க வேண்டிய நாளும் உண்டு. அதற்கு இரண்டாவது வழி: தானாக வெளியேறப் போகும் தண்ணீரை நாமே முன்கூட்டி வெளியேற்றிவிடுவது. அரை கிலோ அரிந்த காய்க்கு ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பைத் தூவி, கையால் லேசாகப் பிசறி, வடிதட்டில் கொட்டி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிச் சேரும். பிறகு ஒரு முறை அலசி, இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துவிட்டுச் சாறு சேர்க்கலாம். பச்சையின் விறைப்பு கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் காய் குழையாது. மெல்ல மெல்ல நறநறவென்று ஒரு கெட்டித்தன்மை இருக்கும். குளிர்பெட்டியில் மறுநாள் வரைக்கும் நீர்த்துப் போகாது. பயணத்துக்கும் விருந்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

அரிவதில் ஒரு விஷயம். துருவலாகத் துருவினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் துருவி செல்களைக் கிழித்துவிடுவதால் அப்போதே சாறு இறங்கிவிடுகிறது. கூரான கத்தியோ அரிவாள்மணையோ நல்லது. முட்டைக்கோஸை நான்காகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலை நரம்புகளுக்குக் குறுக்காக நூல் நூலாக அரிய வேண்டும். கேரட்டையும் நூக்கலையும் முதலில் வில்லைகளாக்கி, அடுக்கி வைத்து தீக்குச்சி கனத்துக்கு நறுக்குங்கள். அவசரமென்றால் துருவியில் பெரிய கண் உள்ள பக்கத்தைப் பயன்படுத்தலாம்.

வாடிய காயாக இருந்தாலும் காப்பாற்றிவிடலாம். அரிந்ததை ஐஸ் போட்ட தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு வைத்தால், இப்போது உள்ளேதான் செறிவு அதிகம் என்பதால் தண்ணீர் செல்லுக்குள் திரும்பிப் போகும். துவண்ட இழைகள் நிமிர்ந்துவிடும். முட்டைக்கோஸை வெட்டும்போது கிளம்பும் காரமான நெடியும் கொஞ்சம் கரைந்து போகும். கோஸும் கடுகும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டுக்கும் அந்த நெடி ஒரே வகைப் பொருள்களிலிருந்துதான் வருகிறது. ஊறிய பிறகு ஈரத்தை ஒட்ட எடுத்துவிட வேண்டும். மெல்லிய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி நாலு உதறு உதறினால் போதும். ஈரம் தங்கினால் எண்ணெய் ஒட்டாது, சாறும் சப்பென்று ஆகிவிடும்.

இனி சாறு. கோல்ஸ்லா என்றதும் மயோனைஸ் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது இல்லாமலும் இந்தப் பண்டம் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. 1749-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்தில் தங்கியிருந்த தாவரவியலாளர் பேர் கால்ம், தான் குடியிருந்த வீட்டு டச்சுக்காரப் பெண்மணி செய்த ஒரு சாலட்டைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். முட்டைக்கோஸின் உள் இலைகளை 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வரும்படி அரிந்து, எண்ணெய், வினிகர், உப்பு, மிளகு சேர்த்துக் கலந்தாராம். எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய வெண்ணெயும் ஊற்றுவதுண்டாம். அந்த அளவும் அந்தச் சேர்மானமும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

மயோனைஸைத் தவிர்க்க நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். வெயிலில் வெளியே வைத்தால் அது வேகமாகப் பெருகும். அதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. முட்டை சேராத பாட்டில் மயோனைஸுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. இருந்தாலும் கோடையில் அந்தக் கொழகொழப்பு நாக்குக்குச் சுமைதான். கெட்டியாக ஒன்று வேண்டுமென்றால் புளிக்காத தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் தொங்கவிட்டு, வடிந்த தயிரைப் பயன்படுத்துங்கள். வடிக்காத தயிர் வேண்டாம். நாம் பாடுபட்டு எடுத்த தண்ணீரை அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நான் அதிகம் செய்வது எலுமிச்சையும் நல்லெண்ணெயும் சேர்ந்த சாறு. நாலு பேருக்கு: கால் கிலோ முட்டைக்கோஸ், ஒரு ஊட்டி கேரட், ஒரு சின்ன நூக்கல், அரை கிளிமூக்கு மாங்காய். ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, கால் டீஸ்பூன் கடுகுத்தூள், பொடியாக நறுக்கிய ஒரு பச்சைமிளகாய், மிளகுத்தூள். இவற்றை ஒரு மூடி போட்ட பாட்டிலில் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். கடுகுத்தூள் காரத்துக்காக மட்டும் இல்லை. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் பிரியாமல் சேர்ந்து நிற்க அது உதவுகிறது. முதல் வழியில் செய்தால் முக்கால் டீஸ்பூன் உப்பைச் சாற்றிலேயே போடலாம். உப்பிட்டுப் பிழிந்த காயென்றால் ருசி பார்த்த பிறகு தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். கொத்தமல்லித்தழையும், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலையும் கடைசியில். கடலை முன்னாலேயே விழுந்தால் ஈரத்தை இழுத்து நமுத்துவிடும். ஊதா முட்டைக்கோஸ் கிடைத்தால் ஒரு கைப்பிடி சேருங்கள். அதன் நிறமி புளிப்புப் பட்டதும் பளீரென்ற இளஞ்சிவப்புக்கு மாறி, கிண்ணமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும்.

பச்சை முட்டைக்கோஸ் என்றாலே, அதிலிருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அந்தப் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம். சரியான இடத்தில் வைக்க வேண்டும். இலைக்குள் ஊரும் பச்சைப் புழு பூச்சியின் குஞ்சு. அதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. மூளையைத் தாக்குவது பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு. அந்த முட்டை மனிதக் கழிவு கலந்த தண்ணீர், மண், கழுவாத கை வழியாகத்தான் வருகிறது. கோஸில் மட்டும் இல்லை, பச்சையாகச் சாப்பிடும் எந்தக் காயிலும் கீரையிலும் ஒட்டியிருக்கலாம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வெளி இலைகள் மூன்று நான்கைக் கழித்துவிட்டு, மற்ற இலைகளைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் கோஸை விட்டுவிட்டு, கழுவித் தோல் சீவக்கூடிய நூக்கல், கேரட், முள்ளங்கி, வெள்ளரியை வைத்தே ஸ்லா செய்யலாம். நூக்கல் கோஸின் நெருங்கிய உறவுதான். நறுக்கென்று கடிபடுவதில் அதைவிட ஒரு படி மேல். வெள்ளரி சேர்த்தால் நடுவில் உள்ள விதைச் சதையை வழித்துவிட வேண்டும், தண்ணீர் அதிகம் கசிவது அங்கிருந்துதான்.

கலந்த ஸ்லா வெளியே எவ்வளவு நேரம் இருக்கலாம்? இப்படிப்பட்ட உணவுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் வரம்பு இரண்டு மணி நேரம். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரே மணி நேரம். நம் ஊர் மே மாத மதியத்துக்கு இரண்டாவது கணக்குத்தான். அதற்குள் குளிர்பெட்டிக்குள் வைத்து, மிஞ்சியதை மறுநாள் பிழிந்தெடுத்து அடை மாவில் கலந்து வார்த்துவிடலாம். தயிர் சேர்த்த ஸ்லாவைத் தவிர. அதை அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.