டாக்டர் எனப்படுவார் யார்?

டாக்டர் என்னுஞ் சொல் கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் அடியிற் பிறந்தது. முதலில் ஆசானையே சுட்டியது. வைத்தியர் பெறும் எம்.பி.பி.எஸ். இளநிலைப் பட்டமே, அவரை டாக்டர் என்பது வழக்குப் பற்றியதாம். ஆதலின் ஆராய்ந்து உயர்பட்டம் பெற்ற தாதியரும் மருந்தாளரும் இயன்மருத்துவரும் அப்பெயர்க்கு உரியரே.

எனினும், கட்டிலிற் கிடக்கும் நோயாளி ‘டாக்டர்’ எனக் கேட்டால் வைத்தியர் வந்தார் என்றே நம்புவார். அந்நம்பிக்கை பிழைப்பின் தீங்கு அவருக்கே.

நம் ஈழத்துத் தமிழிலே இதற்கு வழியுண்டு. 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார் கலாநிதி. கல்முனை வைத்தியசாலையில் நோய் தீர்ப்பார் வைத்தியர். வைத்தியரையும் ‘வைத்திய கலாநிதி’ என அடைகொடுத்தெழுதுதல் உண்டு. அவ்வாறே ஏனையோரும் நோயாளர்முன் தம் தொழிலைச் சேர்த்துரைப்பின், கற்றார் பெருமையுங் குன்றாது. நோயாளிக்கு ஐயமும் பிறவாது என்பதே நம் துணிபு.