முடிவு உள்ள விளையாட்டா? பார்த்து வாங்கிக் கொடுங்கள்!

"இன்னும் அஞ்சே நிமிஷம்மா... சேவ் பண்ணிட்டு வந்துடறேன்!"

பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடும் வீடுகளில் தினமும் கேட்கிற வசனம் இது. அஞ்சு நிமிஷம் அரை மணியாகும். தட்டில் போட்ட தோசை ஆறிப்போகும். கடைசியில் அப்பா வந்து ஸ்விட்சை அணைக்க, பிள்ளை 'ஓ'வென்று கத்த, வீடே ரணகளம்!

பிள்ளை சாக்கு சொல்கிறதா? எப்போதும் அப்படி இல்லை. சில விளையாட்டுகளில் நினைத்த இடத்தில் நிறுத்தவே முடியாது. அதிலும் 'ரோல் பிளேயிங் கேம்' என்றால் கேட்கவே வேண்டாம்.

அது என்ன ரோல் பிளேயிங்?

நாமே ஒரு கதாபாத்திரமாக மாறி, கதைக்குள் நுழைந்து விளையாடுவது. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி. பேப்பர், பென்சில், பகடை... அவ்வளவுதான் அதற்குத் தேவை. 1986-ல் ஜப்பானில் யூஜி ஹோரி உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்', இந்தப் பாணியை அங்கே வீட்டு டி.வி. வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆரம்பத்தில் நம் வீரன் நோஞ்சான். சின்னச் சின்ன அரக்கர்களை அடித்து, புள்ளிகள் சேர்த்து, 'லெவல்' ஏறி, பலம் பெற்று, கடைசியில் பெரிய வில்லனை ஜெயிக்க வேண்டும். அதே அரக்கனை நூறு தடவை அடித்தால்தான் அடுத்த ஊருக்குப் போகலாம் என்றால், நேரம் பறக்காமல் என்ன செய்யும்?

அந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்'டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. நிறுத்தும்போது 20 எழுத்துள்ள ஒரு 'மந்திரம்' திரையில் வரும். அதை நோட்டில் எழுதி வைத்து, மறுநாள் திரும்பவும் பதிய வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் போச்சு! இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பல விளையாட்டுகளில் குறிப்பிட்ட இடத்துக்குப் போனால்தான் 'சேவ்' ஆகும். நடுவில் அணைத்தால், அதுவரை விளையாடியது வீண். முக்கால்வாசி போட்ட கோலத்தில் யாராவது தண்ணீரைக் கொட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதே ஆத்திரம்தான் அவர்களுக்கும்.

நூறு மணி நேரமா, நாலு மணி நேரமா?

2016-ல் வந்த 'பெர்சோனா 5' என்ற ஜப்பானிய விளையாட்டை முடிக்கச் சுமார் 100 மணி நேரம் ஆகும். தினம் ஒரு மணி நேரம் விளையாடினாலும் மூன்று மாதம்! இதற்காவது ஒரு முடிவு உண்டு. சில ஆன்லைன் விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது. "இன்னிக்கு வந்தா இந்தப் பரிசு, நாளைக்கு வந்தா அந்தப் பரிசு" என்று தினமும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

நேர்மாறாக, சீக்கிரம் முடிகிற கதைகளும் இருக்கின்றன.

'டு த மூன்' (2011): சாகக் கிடக்கும் ஒரு முதியவருக்கு நிலாவுக்குப் போக ஆசை. ஏன் அந்த ஆசை என்று அவருடைய நினைவுகளுக்குள் தேடிப் போவதுதான் கதை. சண்டை இல்லை என்றே சொல்லலாம். நாலைந்து மணி நேரத்தில் முடியும். சாவு, பிரிவு எல்லாம் வருவதால் வளர்ந்த பிள்ளைகளுக்கே ஏற்றது.

'அண்டர்டேல்' (2015): டோபி ஃபாக்ஸ் உருவாக்கியது. ஆறேழு மணி நேரம். யாரையும் கொல்லாமல், பேசியே சமாதானம் செய்து முடிக்கலாம். கொன்றால் கதையே இருண்டுபோகும்.

'ஹாஃப் மினிட் ஹீரோ' (2009): 30 விநாடியில் உலகம் அழிந்துவிடும், அதற்குள் வில்லனைப் பிடிக்க வேண்டும்! கூடுதல் நேரம் வேண்டுமா? தேவதைக்குக் காசு கொடுத்தால் கடிகாரம் பின்னால் போகும். நீண்ட விளையாட்டுகளைக் கிண்டல் செய்தே எடுத்திருக்கிறார்கள்.

குறுகிய விளையாட்டில் என்ன லாபம்? கதை முடிந்ததும் பிள்ளை தானாகவே எழுந்து வரும். நாலு சனிக்கிழமையில் ஒரு கதை என்று கணக்குப் போடலாம். "அந்தத் தாத்தாவுக்கு என்னாச்சு?" என்று நீங்களும் சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! 'சின்ன விளையாட்டுதானே' என்று ஆறு மணி நேரத்தையும் ஒரே ராத்திரியில் முடித்தால், கெடுதல் கெடுதல்தான். கண் எரியும், கழுத்து பிடிக்கும், தூக்கம் கெடும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் அவசியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வாங்கும் முன் மூன்று கேள்விகள்: முடிக்க எத்தனை மணி நேரம்? நினைத்த இடத்தில் சேவ் செய்யலாமா? எந்த வயதுக்கானது?

* "எட்டு மணிக்கு எழுந்திரு" என்பதைவிட, "எட்டு மணிக்குப் பிறகு வரும் முதல் சேவ் இடத்தில் நிறுத்து" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி முன்பே ஒரு குரல் கொடுங்கள்.

* 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பார்க்கப் பழக்குங்கள். கண்ணுக்கு ஓய்வு.

* படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணையட்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

விளையாட்டில் அதிக ஆர்வம் காட்டுவதெல்லாம் நோய் அல்ல. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிப்போவது, படிப்பும் உறவும் கெட்டும் தொடர்வது... இந்த மூன்றும் சேர்ந்து, பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் 'கேமிங் டிஸார்டர்' என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-ல் ஏற்கப்பட்ட அதன் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதற்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்கூடத்துக்கும் மட்டம் போட ஆரம்பித்தால், உடனே குழந்தைகள் டாக்டரையோ மனநல டாக்டரையோ பாருங்கள். அதட்டி இழுத்துக்கொண்டு போகாமல், "ராத்திரி சரியா தூங்கறதில்லையே, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?" என்று பேச்சை ஆரம்பியுங்கள்.