ஒரு முறுக்கில் 43 குதிரைகள்

மேல்நிலை வகுப்பில் ‘குதிரைத்திறன்’ என்று கரும்பலகையில் எழுதினால், 746 வாட் என்ற விடை வருவதற்கு முன்பே வண்டிகளின் பெயர்கள் வந்துவிடுகின்றன. எந்த வண்டிக்கு எத்தனை சிசி, எவ்வளவு எடை, எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்பதெல்லாம் மாணவர்களுக்கு மனப்பாடம். நியூட்டனின் இரண்டாம் விதியைச் சொல்லத் தயங்குகிற மாணவன்கூட இவற்றைத் தடுமாறாமல் சொல்கிறான். தருமபுரி மாவட்டத்தில் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊர்களின் ஓரமாகவே போகிறது. 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த ஓசூரில்தான் டிவிஎஸ் மொபெட்டும் உருவானது, இன்றைய பந்தய வகை பைக்குகளும் உருவாகின்றன. ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் கேட்கும் எஞ்சின் சத்தமும் மாணவர்களுக்குப் பழகியதே.

அந்த ஆர்வத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதைவிடப் பாடத்துக்குள் இழுத்துக்கொள்வது நல்லது என்று நினைத்தேன். இரண்டு ஆண்டுகளாக அப்படிச் செய்துவருகிறேன். சக ஆசிரியர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கணக்கு எளிது. வண்டியின் எடையோடு 60 கிலோ ஓட்டுநரைச் சேர்த்து, ஒவ்வொரு 100 கிலோவுக்கும் எத்தனை குதிரைத்திறன் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பால்கேனும் தீவனமும் ஏற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டிக்கு 3 வரும். ஸ்பிளெண்டருக்கு 5-க்குச் சற்றுக் குறைவு. அப்பாக்கள் காலத்துக் கனவு வண்டியான யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு ஏறத்தாழ 7. ஒருவர் மட்டும் அமர்ந்த சிறிய காருக்கு 6 முதல் 9 வரை. 2013-இல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் டியூக் 390-க்கு 43 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 154 கிலோ. கணக்கில் 20 வருகிறது. 190 குதிரைத்திறன் கொண்ட சுசூகி ஹயபுசாவுக்கு 58. பலகையில் 3-க்கும் 58-க்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்ததும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பிறகு, “சார், அதான் சார் கிக்கு!” என்று ஒரு குரல் வரும்.

அந்தக் ‘கிக்கு’ எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது வேகம். அது சரியான விடை அல்ல. சேலம் போகும் பேருந்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நாம் தூங்கிக்கொண்டே போகிறோம். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புக்குச் சீரான வேகம் தெரியாது. வேகம் மாறுவது, அதாவது முடுக்கம் மட்டுமே தெரியும். டியூக் 390 ஓய்விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ 6 நொடி. 27.8-ஐ 6-ஆல் வகுத்தால் முடுக்கம் 4.6 மீ/வி², கிட்டத்தட்ட புவிஈர்ப்பு முடுக்கத்தில் பாதி. 60 கிலோ எடையுள்ள பையனை முன்னோக்கித் தள்ள 280 நியூட்டன் விசை வேண்டும். 28 கிலோ மூட்டையை முதுகில் கட்டிப் பின்னால் இழுப்பது போல அவனுக்குத் தோன்றும். வயிறு காலியாவது போன்ற உணர்வும் மயிர்க்கூச்சமும் அதனால்தான்.

கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. புளியமரங்கள் நெருங்கிய ஊராட்சிச் சாலையில் 50-இல் போனாலே பறப்பது போல இருக்கும், ஓரத்துப் பொருள்கள் கண்ணருகே விரைந்து நழுவுவதால். அதே பையன் நான்குவழிச் சாலையில் ஏறினால் ஓரங்கள் தூரத்தில் இருக்கின்றன. 90-இல் போகும்போதும் மெதுவாகப் போவதாகவே அவனுக்குத் தோன்றும்.

பயத்துக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் கேட்பது இந்தப் பகுதியைத்தான். திறன் மிகுந்த வண்டியை முதன்முதலாக எடுப்பவர் ஆக்சிலேட்டரைச் சற்று அதிகமாக முறுக்கிவிடுகிறார். வண்டி முன்னே பாய்கிறது. உடல் நிலைமத்தால் பின்தங்குகிறது. விழாமலிருக்கக் கை கைப்பிடியை இறுகப் பற்றுகிறது, உடல் பின்னால் சாயச் சாய மணிக்கட்டு கீழே இறங்குகிறது. ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கிறது, வண்டி இன்னும் பாய்கிறது. விளைவே காரணத்தை வளர்க்கும் சுழற்சி இது. “நான் முறுக்கவே இல்லை, வண்டிதான் ஓடிப்போச்சு” என்று அடிபட்ட பிள்ளைகள் சொல்வது பல நேரங்களில் பொய் அல்ல. நகைச்சுவைக் காட்சிகளில் நாம் பார்த்துச் சிரிப்பதும் இதையேதான்.

இன்னொன்று, பயந்த கண் பயப்படும் பொருளையே வெறிக்கும். வண்டியும் கண் போகும் பக்கமே போகும். காலியான சாலையில் ஒற்றை மின்கம்பத்தில் போய் மோதுவது எப்படி என்று நாம் வியப்பதற்கு இது ஒரு விடை.

திறன் வளர்ந்த வேகத்தில் தடுப்பான் வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1983-இல் வந்த ராஜ்தூத் 350, யமஹாவின் ஆர்டி 350-இன் இந்திய வடிவம். 30 குதிரைத்திறன் என்பது அன்றைய நம் சாலைகளுக்கு மிக அதிகம். ஜப்பானிய மூல வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வண்டிக்கு டிரம் பிரேக்தான். இந்தக் கதை பனிநாடுகளிலும் உண்டு. 1959-இல் கனடாவில் விற்பனைக்கு வந்த ஸ்கி-டூ என்ற பனிச்சறுக்கு வண்டிக்கு 7 குதிரைத்திறன் இருந்தது. அது வேட்டைக்காரரும் ஊழியக்காரரும் பனியில் போய்வருவதற்கான வண்டி. இன்று அதே வகை வண்டிகள் 150 குதிரைத்திறனைத் தாண்டிவிட்டன. பனி மட்டும் அதே வழுக்கும் பனிதான்.

இனி மூவர் பயணம். பத்தாம் வகுப்பு ‘இயக்க விதிகள்’ பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுழல் புள்ளியாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒருவர் மட்டும் அமர்ந்தால் ஈர்ப்பு மையம் இரு சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும். மூன்றாமவர் பின்சக்கர அச்சுக்கு மேலேயோ அதற்கும் பின்னாலேயோ உட்காருகிறார். ஈர்ப்பு மையம் பின்னுக்கும் மேலுக்கும் நகர்கிறது, முன்சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி உடனே திரும்பாது. இந்த நிலையில் ஒரு முறுக்கு முறுக்கினால் முன்சக்கரம் எழும்பவும் செய்யும். படம் வரைந்து அம்புக்குறி போட்டதும் மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது இதற்கு நேர்மாறாக, பாரம் முன்னுக்குப் போகிறது. அதனால் உண்மையான நிறுத்தும் ஆற்றல் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. “முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்” என்று நம் ஊரில் சொல்லிக்கொடுப்பது மணலில் சரி, தார்ச்சாலையில் சரியல்ல. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய, இரண்டாம் மூன்றாம் கை மாறிய வண்டிகள்தாம் பெரும்பாலும் மாணவர்கள் கைக்கு வருகின்றன.

மைதானத்தில் செய்யும் செயல்பாடு ஒன்று. முதலில் வகுப்பறையில் 30 செ.மீ. அளவுகோலை ஒருவர் சொல்லாமல் கீழே விட, மற்றவர் விரல்களால் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் எதிர்வினை நேரம் 0.2 நொடி. சாலையில் பார்த்து, புரிந்து, கைகால்கள் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். பிரேக்கின் எதிர்முடுக்கம் 6 மீ/வி² எனக் கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் நிற்க 21 மீட்டர் வேண்டும். 80-இல் 63 மீட்டர். 120-இல் 126 மீட்டர். சுண்ணாம்புத் தூளில் கோடு போடுங்கள். முதல் கோடு வாலிபால் களத்தைவிடச் சற்று நீளம். மூன்றாவது கோடு எங்கள் பள்ளியில் சுற்றுச்சுவரைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டது. கோட்டின் முடிவில் ஒரு மாணவியை நிறுத்தி, “இவள் சாலையைக் கடக்கிறாள்” என்று சொன்னபோது, மேற்கொண்டு நான் விளக்கம் எதுவும் தரவில்லை. மோதலின் வலுவைக் காட்ட இன்னொரு ஒப்பீடும் உதவும். 80 கி.மீ. வேகத்தில் மோதுவது 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், அதாவது வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து.

தொப்பூர் கணவாயை விட்டுவிட்டு நம் மாவட்டத்தில் இதைப் பேச முடியாது. சேலம் நோக்கிய அந்த நீண்ட இறக்கத்தில், இரட்டைப் பாலத்தருகே நடந்த விபத்துகளை நாம் அனைவரும் அறிவோம். எரிபொருள் மிச்சம் என்று சிலர் கியரை நியூட்ரலில் போட்டு இறங்குகிறார்கள். அப்போது எஞ்சின் தரும் தடை போய்விடுகிறது. உயரத்தின் நிலையாற்றல் முழுவதையும் பிரேக் ஒன்றே வெப்பமாக மாற்ற வேண்டும். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும். லாரிக்குச் சொன்ன இந்த விதி இருசக்கர வண்டிக்கும் பொருந்தும். தவிர, நம் பையன் சரியாக ஓட்டினாலும் பின்னால் வரும் லாரியின் பிரேக் அவன் கையில் இல்லை.

இவ்வளவும் தெரிந்த மாணவனும் ஏன் முறுக்குகிறான்? 2005-இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைச் சிலர் தனியாகவும் சிலர் நண்பர்கள் பார்க்கவும் ஆடினார்கள். நண்பர்கள் பார்த்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கானது. 24 வயதைக் கடந்தவர்களிடம் வேறுபாடு இல்லை. அறிவுக் குறைவால் அல்ல, பார்வையாளர் இருப்பதால்தான் ஆபத்து கூடுகிறது. இன்று அந்தப் பார்வையாளர் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறார். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலுசெட்டி சத்திரம் அருகே, பல இலட்சம் பேர் பின்தொடரும் யூடியூபர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்க முயன்று விழுந்து கை முறிந்தார். அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு இரத்து செய்யப்பட்டது. என் வகுப்பில் எல்லோருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருந்தது. பாதிப் பேர் அவர் பக்கம்தான் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அறிவுரை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவன், தேர்வு முடிவு வந்த அதே மாதத்தில் உறவினரின் வண்டியில் போய் இறந்தான். அவனது மதிப்பெண் சான்றிதழை வாங்க அவன் அப்பா வந்தார். அதற்குப் பின் நான் வகுப்பில் கணக்கை மட்டும்தான் போடுகிறேன்.

சட்டத்தைப் பற்றி ஆசிரியர்களுக்கே சில குழப்பங்கள் உண்டு. 16 வயதில் ஓட்ட அனுமதி இருப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டும். எக்ஸ்எல் 100 இதில் அடங்காது. 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 199ஏ-இன்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் இரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

18 நிறைந்தபின் எட்டுப் போட்டு உரிமம் வாங்கினால், அதே உரிமத்தில் ஸ்பிளெண்டரும் ஓட்டலாம், ஹயபுசாவும் ஓட்டலாம். நடைவேகத்தில் போடும் எட்டு, 190 குதிரைகளுக்கும் தகுதிச் சான்று! ஐரோப்பாவில் அப்படியில்லை. முதலில் 125 சிசி, 15 குதிரைத்திறன். அடுத்த படியில் 47 வரை. அதில் இரண்டாண்டு ஓட்டிய பின்னரோ 24 வயதிலோதான் வரம்பற்ற உரிமம். நம் மாணவர்கள் கனவு காணும் 390 அங்கே இரண்டாம் படி வண்டி என்றபோது வகுப்பில் நல்ல விவாதம் நடந்தது.

இந்தக் கணக்குகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வைத்தோம். 25,000 ரூபாய் என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு ஒரு தாய் எழுந்து, “ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு அஞ்சரை பஸ்ஸ விட்டா ஏழரைக்குத்தான் அடுத்தது. இருட்டுல புள்ள எப்படி வரும்? அதான் அவங்க மாமா வண்டியக் குடுத்து விடுறோம் சார்” என்றார். எங்களில் யாரும் அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றினோம், ஆறு மணிக்கு ஒரு நடை கேட்டுப் பணிமனையில் மனு கொடுத்தோம். அரசு தந்த மிதிவண்டிகளில் ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்த சிலவற்றை மாணவர்களே பழுதுபார்த்து வருகிறார்கள். அவற்றின் சராசரி வேகத்தைக் கண்டுபிடிப்பது ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ பாடத்துக்கு இந்த மாதம் கொடுத்திருக்கும் வேலை.